காகிதம் ஒட்டிய பாட்டு

காலை ஆறு ஐம்பது. எருத்தேன்பதி மைக்செட் கடையில் ஒரு பலகையை மட்டும் எடுத்து வைத்திருந்தார்கள். உள்ளே முதலில் கண்ணில் பட்டது மேசைமேல் கிடந்த ஒரு இசைத்தட்டு. அதன்மேல் ஒரு விரல் அகலத்தில், வளையமாக வெட்டிய பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. கடைக்காரர் ஈரப் பஞ்சால் அந்தக் காகிதத்தை ஒற்றிக்கொண்டிருந்தார். நடுவிலிருந்த லேபிள் நனையாமலிருக்க அதன்மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம் அது. கோயமுத்தூரிலிருந்து வரும் ஒரு தமிழ் நாளிதழுக்கு நான் கேரள எல்லைப் பகுதிச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தேன். ஊரில் ஏதாவது நடந்தால் கடைக்காரர்கள் எனக்கு ஆள் அனுப்புவார்கள். அன்று ஆள் அனுப்பியவர் இவர். ராவுத்தர் குடும்பம், அப்பாவுக்குப் பாலக்காட்டுச் சித்தூரில் துணிக்கடை. ஊரில் எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

“ரிப்போர்ட்டரே, உக்காருங்க. பேசாதீங்க. கை ஆடுனா கீறிப் போடும்” என்றார்.

பசை மைதாப் பசை. ஊறினால் விட்டுவிடும். இருந்தாலும் முழு வளையமும் கழன்று வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அவர் மெட்ராஸிலிருந்து வந்த கடிதத்தை என்னிடம் தள்ளினார்.

அந்தத் தட்டு அவரும் மூன்று நண்பர்களும் எழுபத்தொன்றில் போட்டது. நான்கு பேரும் கோயமுத்தூரிலும் மலை எஸ்டேட் கிளப்புகளிலும் புத்தாண்டு நடனங்களுக்கு வாசித்தவர்கள். பாய் மின்சாரக் கிட்டார். ஒலிபெருக்கியின் திருகை முழுதாகத் திருப்பி, கம்பி உறுமுகிற அளவுக்கு வைத்து வாசிப்பார்கள். ஹெவி ராக் என்ற பெயர் எங்கள் பக்கம் வந்து சேர்வதற்கு முந்திய காலம். ஏழு பாட்டு, சில நூறு தட்டு. விற்றது குறைவு. பிறகு டிரம் அடித்தவர் ரயில்வேக்குப் போனார், இன்னொருவர் துபாய்க்கு, பாடியவர் ஆஸ்திரேலியாவுக்கு. பாய் மைக்செட் வைத்தார்.

கடிதத்தில் இருந்தது இது: கல்லூரி மாணவர்கள் பலர் அந்தத் தட்டைக் கேட்டு எழுதுகிறார்கள், கம்பெனி அதை மறுபடி அச்சிட விரும்புகிறது, மூல ஒலிநாடா இப்போது இல்லை. அதன்மேல் ஒரு உபன்யாசத்தைப் பதிவு செய்துவிட்டார்கள் என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார் அதிகாரி. ஆகவே கீறலில்லாத ஒரு தட்டு வேண்டும். அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் ஸ்டூடியோ ஒதுக்கப்பட்டிருக்கிறது. கடைசி வரி மட்டும் பேனாவால் சேர்த்தது: தாங்களே நேரில் வந்தால் புதிய பாடல்களையும் கேட்டு, இரண்டாவது தட்டைப் பற்றிப் பேசலாம்.

அந்த வரியின் கீழே பாய் பென்சிலால் கோடு போட்டிருந்தார். அவரிடம் ஆறு புதுப் பாட்டுகள் இருந்தன. ஏழு வருடமாக, இரவில் கடையை மூடிய பிறகு சத்தமில்லாமல் வாசித்துப் பார்த்துவந்தவை. அவர் மனைவியைத் தவிர யாரும் கேட்டதில்லை.

காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து மைக்செட்காரர்கள் கல்யாண வீட்டுக்குத் தட்டுப்பெட்டியோடு போவார்கள். சோகப் பாட்டு ஒன்று தவறி ஒலித்தாலும் போதும், பெண் வீட்டுக்காரர் ஒயரைப் பிடுங்கிவிடுவார். அதனால் ஒலிக்கக் கூடாத பாட்டின்மேல் காகிதம் ஒட்டிவிடுவது வழக்கம். பாயும் தன் தட்டைப் பெட்டியில் வைத்திருந்தார். தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது இரண்டு பாட்டு போடுவார். அந்தச் சத்தத்தில் ஆட்கள் வேகமாகச் சாப்பிட்டு எழுந்து விடுகிறார்கள் என்று சமையல்காரர்களுக்கு அதன்மேல் பிரியம். ஆனால் இரண்டாம் பக்கத்து நடுப்பாட்டில் வார்த்தை கிடையாது. ஐந்து நிமிடம் கிட்டார் மட்டும் தனியாக இழுத்து இழுத்து அழும். முதல் கல்யாணத்திலேயே ஒரு பெரியவர் எழுந்து, “ஏனுங்க பாய், இழவு விழுந்த ஊட்டுக்கா வந்திருக்கறோம்?” என்று கேட்டார். அன்றே காகிதம் ஒட்டிவிட்டார்.

தட்டைத் துடைத்து முள்ளை வைத்தார். நடுப்பாட்டு புதுத் தட்டைப் போல ஒலித்தது. மற்ற ஆறும் ஏழு வருடப் பந்திகளில் தேய்ந்துபோயிருந்தன. கடுகு பொரிகிற சத்தத்துக்குப் பின்னால் எங்கோ பாட்டு கேட்டது.

“வேற தட்டு யார்கிட்ட இருக்கும்?” என்றேன்.

“யாருக்குத் தெரியும்? வாங்குனவங்கெல்லாம் தூக்கி எறிஞ்சிருப்பாங்க.”

நடுப்பாட்டை மறுபடி போடச் சொன்னேன். அதை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது, எங்கே என்று பிடிபடவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் தேயிலை எஸ்டேட் போனஸ் பேச்சுவார்த்தை பற்றி எழுத இடுக்கி மலையிலுள்ள ஏலப்பாறைக்குப் போயிருந்தபோது ஒரு வரி குறித்து வைத்திருந்தேன்: “மேட்டு லயம். சவ ஊர்வலம். ஒலிபெருக்கியில் கிட்டார்.” செய்திக்கு உதவாது என்று அப்போது விட்டுவிட்டேன்.

மறுநாளே இருவரும் பொள்ளாச்சி, திண்டுக்கல், கம்பம், குமுளி என்று பஸ் மாறி மாறிப் போனோம். அடுத்த நாள் காலை பத்தரைக்கு ஏலப்பாறைக்கு மேலே அந்த எஸ்டேட்டில் இருந்தோம்.

தட்டு இருந்தது. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், கொழுந்து பறிக்கும் ஒரு அம்மாவிடம் இருந்தது. ஐம்பது வயதிருக்கும். தொழிற்சங்கக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து மேனேஜரைக் கேள்வி கேட்கிறவர். அவர் கணவர் எஸ்டேட் கிளப்பில் பரிமாறுகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளப் பழைய ரெக்கார்டு பிளேயரைக் கழித்துவிட்டபோது, பெட்டியும் தட்டுகளும் அவர்கள் வீட்டுக்கு வந்தன. மற்றத் தட்டுகளை ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். இது தங்கியது.

“இத நாங்க சாவுக்கு மட்டுந்தான் போடுவோம் அண்ணாச்சி” என்றார் அந்த அம்மா. “எட்டு லயத்துல யாரு செத்தாலும் தூக்குதப்ப ஒரு தடவ. அந்த ஒத்தப் பாட்டுதான். மத்ததெல்லாம் என்னன்னே தெரியாது. போட்டதே இல்ல.”

பாய் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நடுப்பாட்டின் இடம் மட்டும் வெளுத்திருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் கறுப்பாக, பளபளப்பாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் காகிதம் போட்டு மூடிய பாட்டு ஒன்று மட்டும் புதிதாக இருந்தது. இங்கே அது ஒன்று மட்டும் தேய்ந்திருந்தது. இரண்டையும் சேர்த்தால் ஏழு பாட்டு.

“இதுல வாசிச்சது நானுங்க” என்றார் பாய்.

அந்த அம்மா நம்பவில்லை. “ஆரு வேணும்னாலும் சொல்லலாம். இந்தப் பாட்டுல முடியப்போற நேரத்துல ஒரு எடத்துல மூச்சு விடுவாக. அது எங்கனன்னு சொல்லுங்க.”

“கடைசித் தரம் மேல ஏறுறதுக்கு முன்னால. மைக்கு பக்கத்துல இருந்துச்சு. எடுக்கச் சொன்னேன், எடுக்கலை.”

அவர் பாயின் விரல்களைப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பால் விடாத கட்டஞ்சாயா வந்தது.

“அது இழவுப் பாட்டு இல்லைங்கக்கா” என்றார் பாய், டம்ளரைப் பிடித்தபடி. “எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. குதிரான் ஏத்தத்துல லோடு லாரி ஏறும் பாருங்க, கியர் மாத்தி கியர் மாத்தி, திணறித் திணறி. அதை நெனச்சு வாசிச்சதுங்க.”

அம்மா மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார். “அப்பச் சரியாத்தான் போட்டுருக்கோம். எங்க சுடுகாடு மேட்டு மேலதான் இருக்கு.”

அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் பேரம் நடந்தது. தட்டைக் கொடுப்பதில் அவருக்குத் தயக்கமில்லை, திரும்பி வருவதற்குள் யாராவது இறந்தால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. “ஏழாம் லயத்துல பழைய கங்காணி ஒருத்தரு இழுத்துக்கிட்டு கெடக்காரு. நாளைக்கு அவரு போனா, எத வச்சுத் தூக்குறது? நீங்க மெட்ராஸ்ல பாட்டுக் கேட்டுக்கிட்டு இருப்பீக.”

“நான் வந்து வாசிக்கறனுங்க” என்றார் பாய்.

“தந்தி குடுத்தா?”

“தந்தி குடுத்தா.”

அந்த அம்மா கணவரைக் கூப்பிட்டு, பாயின் விலாசத்தை எழுதி வாங்கச் சொன்னார். எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தட்டை ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தார்.

ஸ்டூடியோ வெள்ளிக்கிழமை. வியாழன் காலை ஒன்பதேகாலுக்குத் தந்தி வந்தது. எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதியது. பெரியவர் காலமானார், மகன் திருநெல்வேலியிலிருந்து வர வேண்டும், வெள்ளி மதியம் அடக்கம், கருவியுடன் வரவும்.

நான் போனபோது பாய் தந்தியை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றிரவு ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். அவர் மனைவி உள் வாசலில் நின்றார்.

“ஒரு மாசமா அந்த ஆறு பாட்டையும் திருப்பித் திருப்பி வாசிச்சது மெட்ராஸ்காரங்களுக்கா, கங்காணிக்கா?” என்று கேட்டார்.

“அந்தம்மாகிட்டச் சொல்லிட்டேன்.”

“எங்கிட்டக்கூடத்தான் எத்தனையோ சொல்லியிருக்கறீங்க.”

நான் இன்னொரு வழி சொன்னேன். பாட்டு தெரிந்த வேறு யாரையாவது அனுப்பலாமே என்றேன். அது தெரிந்த நான்கு பேரில் இப்போது ஊரில் இருப்பவர் ஒருவர்தான் என்பது சொன்ன பிறகு உறைத்தது. பாய் எழுந்து கிட்டார் பெட்டியைத் திறந்து கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். மேல் கம்பி ஒன்றை மாற்றினார். இரண்டு தட்டுகளையும் என்னிடம் கொடுத்தார். எதிலிருந்து எந்தப் பாட்டு என்று ஒரு சீட்டில் எழுதி அதையும் கொடுத்தார்.

மலையில் மழை இருக்கும் என்று அவர் மனைவி பெட்டியைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டினார். முடிச்சுப் போட்டுவிட்டு, “போறதுதான் போறீங்க, நல்லா வாசிங்க. பாதியில மறந்து போச்சுன்னு நின்னுக்கிட்டு இருக்காதீங்க” என்றார். பத்து ஐம்பதுக்குப் பொள்ளாச்சி பஸ் வந்தது. கண்டக்டர் பெட்டியை மேலே போடச் சொன்னார். பாய் மடியில் வைத்துக்கொண்டார்.

மெட்ராஸில், வெள்ளி பிற்பகல் இரண்டு பத்துக்கு வேலை தொடங்கியது. ஸ்டூடியோவில் இரண்டு பேர்: கடிதம் எழுதிய அதிகாரி, ஒலிப்பதிவாளர் ஒருவர். ஒலிப்பதிவாளர் லயத்துத் தட்டிலிருந்து ஆறு பாட்டை ஒவ்வொன்றாக நாடாவில் ஏற்றினார். பிறகு எருத்தேன்பதித் தட்டை எடுத்து நடுப்பாட்டை ஓடவிட்டார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

“சார், இதை யாருமே கேக்கலையா?”

“கேட்டுடக் கூடாதுன்னு காகிதம் ஒட்டியிருந்தாங்க.”

“நல்ல காரியம் பண்ணாங்க. மாஸ்டர் டேப் மாதிரி இருக்கு.”

மூச்சு விடும் இடம் வந்தது. அதை எடுத்துவிடட்டுமா என்று அதிகாரியைக் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அன்று யாரும் கேட்காமல் நான் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. அதிகாரி என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். கிட்டார்காரர் ஏன் வரவில்லை என்று கேட்டார். சொன்னேன்.

“இறந்தவர் சொந்தமா?”

“இல்லை. பார்த்ததுகூட இல்லை.”

அவர் மேசையிலிருந்த காலண்டரைப் புரட்டினார். நல்ல மனிதர், குரலில் கோபம் இல்லை. “இந்தத் தட்டு கட்டாயம் வரும். ஆனா ரெண்டாவது தட்டுக்கு, பாட்டைக் கேக்காம நான் யார்கிட்டப் போய்ப் பேசுறது? இந்த வருஷப் பட்டியல் திங்கக்கிழமை மூடிடுவாங்க. அடுத்த வருஷம் நான் இந்த நாற்காலியில இருப்பேனான்னு எனக்கே தெரியாது.”

இதை நான் ஊருக்கு வந்து பாயிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். அடுத்த நாள் ஒரு காதுகுத்துக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டப் போனார்.

ஏலப்பாறையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பாய் சொன்னதும், பத்து நாள் கழித்துத் தட்டைத் திருப்பிக் கொடுக்க நாங்கள் போனபோது அந்த அம்மா சொன்னதும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

பஸ் குமுளியில் நின்றுபோய், பாய் ஒரு தேயிலை லாரியில் ஏறிப் பன்னிரண்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தார். அவருக்காகக் காத்திருந்தார்கள். லயத்துப் பெருக்கியில் கிட்டாரை இணைத்தார்கள். அன்று மின்சாரம் குறைவாக வந்ததால் சத்தம் சின்னதாகத்தான் இருந்தது. பாடையைத் தூக்கியதும் வாசிக்கத் தொடங்கினார். தட்டில் ஐந்து நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். ஊர்வலம் லயத்து முனையைத் தாண்டியதும் முள்ளை எடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். அன்று யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை. மேட்டுப் பாதை எதிரிலேயே தெரிந்தது. தூக்கிப்போகிறவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மழை பெய்த பாதை, மெதுவாகத்தான் போனார்கள். அவர் பாட்டை இரண்டாம் தடவை வாசித்தார். அதுவும் முடிந்தது. அவர்கள் பாதி தூரம்கூடப் போயிருக்கவில்லை. அப்போது அவர் தன் புதுப் பாட்டு ஒன்றை எடுத்தார். அது முடிந்ததும் இன்னொன்று. ஆட்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கி மறையும்வரை வாசித்தார். வீட்டில் இருந்த பெண்கள் முற்றத்தில் உட்கார்ந்து கேட்டார்கள்.

“மொத பாட்டு எங்களுக்குத் தெரிஞ்ச பாட்டு” என்றார் அந்த அம்மா, தட்டைத் துண்டிலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் சரிபார்த்துக்கொண்டே. “பொறவு வாசிச்சீகளே, அது அழுகுத மாதிரி இல்ல. எந்திரிச்சு வேலைக்குப் போகணும் போல இருந்துச்சு. அதுக்கும் தட்டு இருக்கா?”

“இல்லைங்கக்கா. வராது போல.”

“யாரு சொன்னா?”

நான் சொன்னேன்: அதிகாரி, பட்டியல், திங்கட்கிழமை.

“மனு குடுத்தீங்களா?”

ரெக்கார்டு கம்பெனிக்கு மனு கொடுப்பது எங்கள் இருவருக்கும் தோன்றாத காரியம். எஸ்டேட்டில் அப்படி இல்லை. கூரைத் தகரம் ஒழுகினால் மனு, கம்பளி வரத் தாமதமானால் மனு, பால்வாடி ஆயா வராவிட்டால் மனு. கொடுத்தால் கிடைக்கும் என்று அவர்களில் யாரும் சொல்லமாட்டார்கள். கொடுக்காமல் கிடைக்காது என்பதில் சந்தேகமே இல்லை.

“தம்பி, நீங்கதான பேப்பர்ல எழுதுறவக. எழுதுங்க” என்றார் என்னிடம்.

எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல, சங்கத்து மனுக்களின் அதே வாய்பாட்டில். கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு, கீழே கையொப்பமிட்ட எட்டு லயத்துத் தொழிலாளர்கள் தெரிவித்துக்கொள்வது. மேற்படி கிட்டார் வாசிப்பவர் எங்கள் லயத்துக்கு வந்து வாசித்த இரண்டு புதிய பாட்டுகளை நாங்கள் கேட்டோம். அவை தட்டாக வந்தால் எங்களுக்கு வேண்டும். அவர் தங்களைப் பார்க்க வராமற்போனது எங்கள் பொருட்டே தவிர அவருடைய அலட்சியத்தால் அல்ல. ஆவன செய்யக் கேட்டுக்கொள்கிறோம்.

நடுவில் ஒரு வரியை நான் அழகாக்கப் பார்த்தேன். “அது வேணாம். அப்படி எழுதினா மேனேஜரு படிக்க மாட்டாக” என்று அடிக்கச் சொன்னார். மாலை கொழுந்து எடை போட்டு முடிந்ததும் ஆட்கள் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். நான்கு தாள் நிறையக் கையெழுத்து, ஒரு தாள் நிறையக் கைநாட்டு. பாய் கிணற்றடிப் பக்கமாகப் போய் நின்றுகொண்டார். கூப்பிட்டும் வரவில்லை. ஒரு கிழவர் மனுவை வாங்கி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நான் போறப்ப எனக்கு அந்தப் புதுப் பாட்டைப் போடுங்கலே, பழசு வேணாம்” என்றார். “ஒனக்கு இன்னும் பத்து வருஷம் ஆகும், அதுக்குள்ள மூணாவது தட்டே வந்துரும்” என்றாள் அவருக்குப் பின்னால் நின்ற பெண்.

மனுவை நானே ஏலப்பாறை தபாலாபீஸில் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

ஆனி மாதம் மறு அச்சுத் தட்டு வந்தது. அட்டை புதிது, மலைப்பாதையில் ஒரு லாரியின் பின்பக்கம். பாய் கடிதத்தில் கேட்டுக்கொண்டபடி போட்டிருந்தார்கள். பாட்டுகளின் வரிசை மாறவில்லை. நடுப்பாட்டில் மூச்சு இருந்தது. கம்பெனி அவருக்கு ஆறு பிரதிகள் அனுப்பியிருந்தது. இரண்டை ஏலப்பாறைக்கு அனுப்பினார். ஒன்றைக் கடையில் ஆணி அடித்து மாட்டினார். பந்திக்குத் தட்டுப்பெட்டி எடுத்துப்போகும்போது புதுத் தட்டையும் எடுத்துப்போனார், காகிதம் ஒட்டாமல். ஒரு கல்யாணத்தில் முள் தவறி நடுப்பாட்டில் விழுந்தது. யாராவது எழுந்து வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். மாப்பிள்ளையின் தம்பி ஒருவன் வந்து, இது எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.

தட்டோடு வந்த பார்சலில் கடிதம் இல்லை. கடிதம் தனியாக, பதினேழு நாள் கழித்து வந்தது. அதிகாரி அதே நாற்காலியில்தான் இருந்தார். ஏலப்பாறை லயத்துத் தொழிலாளர்களின் விண்ணப்பம் கிடைத்தது, மேலிடத்தில் படித்துக் காட்டப்பட்டது என்று எழுதியிருந்தார். அடுத்த வருஷப் பட்டியலுக்காக ஆறு புதுப் பாட்டையும் கேட்க இரண்டு நாள் ஸ்டூடியோ ஒதுக்கியிருந்தார். டிரம் வாசிக்க ஆள் தாங்களே கூட்டி வரலாம் என்றும் இருந்தது. பாய் ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்த நண்பருக்குத் தந்தி கொடுத்தார். வழியில் ஏறிக்கொள்வதாகப் பதில் வந்தது.

கிளம்புகிற நாளில் நானும் அவர் மனைவியும் பாலக்காட்டு ஒலவக்கோடு ஸ்டேஷனுக்குப் போனோம். போர்ட்டர் கிட்டார் பெட்டியைக் கேட்டார், பாய் கொடுக்கவில்லை. அவர் மனைவி சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்து, இரண்டு பேருக்கு வைத்திருக்கிறேன், ஜோலார்பேட்டை வருவதற்குள் நீங்களே தின்று தீர்த்துவிடாதீர்கள் என்றார். மெட்ராஸ் ரயில் அன்று இருபத்திரண்டு நிமிடம் தாமதமாக வந்தது.